திம்பம் மலைப்பாதையும் பயணக் குமட்டலும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஜெயநகர்வாசி
பெங்களூரிலிருந்து சாம்ராஜ்நகர் வழியாகக் கோவைக்குச் சென்றவர்களிடம் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஆசனூரைத் தாண்டியதும், எனக்குப் பக்கத்து வரிசையில் இருந்த சிறுமியின் கவனம் வேறு பக்கம் திரும்பட்டும் என்று அவளுடைய தந்தை கைப்பேசியில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தார். இறக்கம் தொடங்கிய சற்று நேரத்தில் அவள் அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டாள். உதடு வெளுத்து, நெற்றியில் வியர்வை அரும்பியது. அவை வாந்திக்கு முந்தைய அறிகுறிகள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. "வயிறு முட்டக் கொடுத்து ஏற்றினால் இப்படித்தான்" என்று பின்னாலிருந்து ஒருவர் உரக்கச் சொல்ல, அந்தக் குழந்தை நனைந்த பாவாடையைப் பார்த்தபடியே, "நான் சாப்பிடவே இல்லை, மாமா" என்றாள். அந்தக் குரல் இன்னும் என்னை உறுத்துகிறது. என்னைக் கேட்டால், அந்தக் கைப்பேசிதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

வைட்ஃபீல்டு வாசகி
இதற்கு மலைப்பாதைதான் வேண்டும் என்பதில்லை. வெளிவட்டச் சாலையின் மாலை நெரிசலே போதும். மின்சார வாடகைக் காரில், ஓட்டுநர் மிதியிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் வண்டி தானாகவே வேகம் குறைந்து, மிதித்ததும் ஓசையின்றிப் பாய்ந்தது. பின் இருக்கையில் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த நான் மாரத்தஹள்ளியில் இறங்கி, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, மேடம்" என்று அவர் உண்மையான கவலையோடு கேட்டார். வண்டி எப்போது நிற்கும், எப்போது பாயும் என்பது ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரியும், எனக்குத் தெரியாது.

அல்சூர் மருந்தாளுநர் (ஓய்வு)
ஜெயநகர் நண்பர் கைப்பேசியை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. வெறும் வயிறும் குமட்டலைக் கூட்டும். புறப்படும் முன் இட்லி போன்ற எளிய உணவைக் கொஞ்சமாகக் கொடுத்திருக்க வேண்டும். உட்காதின் அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம் "திரும்புகிறோம்" என்கிறது. திரையில் நிலைத்த கண் "அசையாமல் இருக்கிறோம்" என்கிறது. இந்த முரண்பாட்டைத்தான் மூளை தாங்குவதில்லை. ஆகவே முன் இருக்கையில் அமர்ந்து, தொலைவில் உள்ள சாலையைப் பார்க்க வேண்டும்.

பேருந்து உறுமிக்கொண்டு நிற்கும்போது என் கடைக்கு ஓடிவந்து மாத்திரை கேட்டவர்கள் பலர். டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின், புரோமெத்தசின் போன்றவற்றைப் புறப்படுவதற்குக் குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். வாந்தி தொடங்கிய பின் அவை வயிற்றில் தங்குவதில்லை. தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டுபவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கூடவே கூடாது. பலர் பழக்கத்தில் கேட்கும் ஆண்டன்செட்ரான் மற்ற வாந்திகளுக்கு நல்ல மருந்தாக இருந்தாலும், பயணக் குமட்டலுக்குப் பெரிதாகப் பயன்படுவதில்லை.

ஹெப்பாள் அம்மா
ஐயா, பசி இல்லாத குழந்தைக்கு இட்லியைத் திணித்து ஏற்றிய தாய்மார்களின் பாடும் உங்களுக்குத் தெரிய வேண்டும். மைசூரில் ஊட்டிப் பேருந்தில் ஏறியபோது, கடைசி வரிசையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டியை, அவர் கேட்காமலேயே நடத்துநர் முன்னே அழைத்து வந்து தம் இருக்கையில் உட்கார வைத்தார். பின் சக்கரத்துக்கு அப்பால் ஆட்டம் அதிகம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. முன்பதிவில் முன் வரிசை கிடைக்காதவர்கள், ஏறியவுடனேயே நடத்துநரிடம் கேட்டுவிட வேண்டும். மலை தொடங்கிய பிறகு எழுந்து இடம் மாறுவது கடினம்.