பழைய மூன்று சிலிண்டர் டிராக்டர்: காலையில் வெள்ளைப் புகை, எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

செம்பனை_நிபோங்:
வணக்கம். மலேசியாவில் பினாங்கின் நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் ஓடும் ரீகண்டிஷன் குபோத்தா சிறு டிராக்டர். டி1105 எஞ்சின், மீட்டரில் 4,100 மணி. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மூன்று நான்கு தடவை சாவியைத் திருப்ப வேண்டியிருக்கிறது. பிடித்ததும் கண் எரியும் வெள்ளைப் புகை. ஒரு சிலிண்டர் அடிக்காததுபோல் நடுக்கம். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். சூடான பிறகு தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. ஈர மண்ணில் குலை ஏற்றிய ட்ரெய்லரை இழுக்கும்போது சக்தி போதவில்லை. ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை. எஞ்சின் எண்ணெயும் குறையவில்லை, டிப்ஸ்டிக்கில் (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி) போன மாதத்தைவிடக் கொஞ்சம் மேலேயே நிற்கிறது. போர்மன் “பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரித்து ஓவர்ஹால் செய்யலாம்” என்கிறார். வேறு எதைப் பார்க்கலாம்?

டீசல்_பட்டறை:
அண்ணே, புகையை விடுங்கள், முதலில் அந்த எண்ணெய் அளவு. எண்ணெய் தானாகக் கூடாது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டாதீர்கள். எண்ணெய் நீர்த்தால் பேரிங் தேயும். அளவு மிக மேலே போனால் எஞ்சின் தன் எண்ணெயையே எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும். அப்படி ஓடினால் எஞ்சினுக்குள் காற்று நுழையும் வாயைப் பலகையால் அடைப்பதுதான் வழி, கையை வைக்கக் கூடாது. எண்ணெய்க்குள் டீசல் வர வழிகள் சில: எஞ்சின் பிளாக்கில் பூட்டிய மெக்கானிக்கல் லிப்ட் பம்பின் (டாங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்ப்) டயாப்ரம், அதாவது உள்ளிருக்கும் சவ்வு, கிழிந்திருக்கலாம், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் ஒழுகலாம், இன்ஜெக்ஷன் பம்பிலிருந்தும் கசியலாம். காரணத்தைச் சரிசெய்தபின் எண்ணெயையும் பில்டரையும் மாற்றுங்கள். இந்த எஞ்சினுக்குச் சுமார் 5.1 லிட்டர். 15டபிள்யூ-40 டீசல் எண்ணெய் நம் வெப்பத்துக்குச் சரி.

அடுத்து புகை. கண் எரிந்து பச்சை டீசல் வாடை வந்தால் எரியாத டீசல். இனிப்பு வாடையோடு தண்ணீரும் குறைந்தால்தான் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) சந்தேகிக்க வேண்டும். உங்கள் வண்டியில் ஏதோ ஒரு சிலிண்டர் குளிரில் பற்றவில்லை. எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்காமல் எஞ்சினைத் திறப்பது வீண் செலவு.

காலையில் நடுங்கும் நேரத்திலேயே செய்யுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, மெதுவோட்டத்தில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் ஒரு சுற்றுக்குள் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். ஓட்டம் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. மாற்றமே இல்லையென்றால் குற்றவாளி அதுதான். பீச்சும் டீசலுக்கு முன்னால் விரலைக் காட்டாதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பிறகு குளோ பிளக், ஸ்டார்ட்டுக்கு முன் உள்ளே சூடேற்றும் பிளக். மூன்றையும் இணைக்கும் பட்டையைக் கழற்றி, ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பாருங்கள்: சுமார் 1 ஓம் காட்ட வேண்டும். எல்லையில்லாமல் காட்டினால் செத்துவிட்டது. பட்டைக்கு வோல்ட் வருகிறதா என்பதையும் சாவி சூடேற்றும் நிலையில் இருக்கும்போது அளந்துவிடுங்கள். “பினாங்கு வெயிலில் குளோ எதற்கு” என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். இது சிலிண்டருக்கு மேலுள்ள சிறு முன் அறையில் டீசல் பற்றி எரியத் தொடங்கும் எஞ்சின். அழுத்தப்பட்ட காற்று குளிர்ந்த சுவரில் வெப்பத்தை இழந்துவிடும், 25 டிகிரி காலையிலும் குளோ தேவைப்படும். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அதுவும் ஒரு காரணம். மெதுவாகச் சுழன்றால் அழுத்தம் ஏறாது.

அடுத்து வால்வு கிளியரன்ஸ், வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் கைக்கும் இடையிலுள்ள இடைவெளி. எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.145 முதல் 0.185 மி.மீ. முதல் சிலிண்டரின் பிஸ்டன் காற்றை அழுத்தி உச்சியில் (கம்ப்ரஷன் மேல்நிலை) இருக்கும்போது 1ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வுகள், 2இன் எக்ஸாஸ்ட், 3இன் இன்லெட் ஆகியவற்றை அளந்து சரிசெய்யுங்கள். ஒரு முழுச்சுற்று சுழற்றி 2இன் இன்லெட், 3இன் எக்ஸாஸ்ட். வால்வு சீட் தேயத் தேய இடைவெளி குறைந்து, வால்வு முழுதாக மூடாமல் போகும். இதைப் பலர் “ரிங் போச்சு” என்று நினைத்துவிடுகிறார்கள்.

இவை முடிந்தபின்தான் கம்ப்ரஷன், சிலிண்டரில் ஏறும் அழுத்தத்தை அளப்பது. டீசல் கேஜ் மட்டும் போடுங்கள், பெட்ரோல் கேஜ் தாங்காது. எஞ்சின் சூடாக, டீசலை நிறுத்தி, மூன்று குளோ பிளக்கையும் கழற்றிச் சுழற்றுங்கள். நல்ல எஞ்சினில் 410 முதல் 470 பிஎஸ்ஐ. 330க்குக் கீழே போனால் வேலை இருக்கிறது. சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. குறை ரிங்கிலா வால்விலா என்று பிரித்தறிய சிலிண்டரில் எண்ணெய் ஊற்றி மறுபடி அளப்பதானால் அரை டீஸ்பூன் போதும் என்று நினைவில் வையுங்கள். டீசலில் இடம் மிகச் சிறியது, அதிகம் ஊற்றினால் எண்ணெயே இடத்தை நிரப்பி கேஜ் அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும்.

வயல்_பிறை:
மேலே சொன்னதோடு டீசலையும் பாருங்கள். சக்தி குறைவுக்கு அது தனிக் காரணமாக இருக்கலாம். 2019இல் இங்கே பி10 டீசல் வந்தது, அதில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எஸ்டர் (செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள்). இந்த எஸ்டர் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் டிரம்மில் மாதக்கணக்கில் வைத்தால் அடியில் தண்ணீர் பிரிந்து, அதில் கருப்புச் சளிபோல் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். பில்டர் அடைபடும், வண்டி காலி டிரெய்லரோடு ஓடும், சுமை ஏற்றினால் திணறும். பில்டர் கிண்ணத்தின் அடியைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். டிரம்மின் அடியில் ஒரு விரல் உயரத்தை எடுக்காமல் விடுங்கள். பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றுங்கள், எஸ்டர் அவற்றை ஊதவைத்து மென்மையாக்கிவிடும். வெளியே ஒழுகாமல் உள்ளே காற்று மட்டும் இழுக்கும் குழாயைக் கண்டுபிடிக்க, பம்புக்கு முன்னால் ஒரு துண்டு தெளிவான குழாய் போட்டுக் குமிழி பாருங்கள்.

செம்பனை_நிபோங்:
நன்றி. அளந்தது: டிப்ஸ்டிக்கில் லேசான டீசல் வாடை. லிப்ட் பம்ப் மெக்கானிக்கல், பூட்டிய இடத்தில் ஈரம். 2ஆம் குளோ பிளக் செத்தது. நட்டைத் தளர்த்தியபோது மாற்றம் இல்லாததும் அதே சிலிண்டர். 2இன் எக்ஸாஸ்ட் வால்வு 0.08. சரிசெய்தபின் கம்ப்ரஷன் 405, 385, 410.

டீசல்_பட்டறை:
அப்படியானால் பிரிக்க வேண்டாம். 385 வேலை செய்யும் எண், வித்தியாசம் 10 சதவீதத்துக்குள். லிப்ட் பம்பை மாற்றுங்கள், மூன்று குளோ பிளக்கையும் ஒன்றாகப் போடுங்கள். 2ஆம் இன்ஜெக்டரைத் தனியே அனுப்பாதீர்கள், மூன்றையும் டெஸ்டரில் வைக்கச் சொல்லுங்கள்: சதுர செ.மீ.க்கு 140 முதல் 150 கிலோ அழுத்தத்தில் திறக்க வேண்டும், திறக்கும் முன் நுனியில் சொட்டு தொங்கக் கூடாது. அழுத்தம் குறைவென்றால் உள்ளே இருக்கும் ஷிம்மின் (மெல்லிய இடைத்தகடு) தடிப்பை 0.025 மி.மீ. கூட்டினால் சுமார் 2.4 கிலோ ஏறும். சொட்டினால் நாசிலையே மாற்றணும்.

இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றவே விடாதீர்கள். அதற்குக் கீழே உள்ள ஷிம்கள்தான் டைமிங்கை, டீசல் பாயும் நேரத்தை, முடிவு செய்கின்றன. ஒன்று கூடினால் டீசல் தாமதமாகப் பாயும், இதே வெள்ளைப் புகை திரும்ப வரும்.

இந்த ஊரில் இன்னொரு பழக்கம்: சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் சூடானதும் திறக்கும் வால்வு) கழற்றிவிடுவது. உங்கள் வண்டியில் இருக்கிறதா பாருங்கள். 71 டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். அது இல்லாமல் ஓடும் எஞ்சின் உரிய வெப்பத்துக்கு வராது, டீசல் சுவரில் வழிந்து எண்ணெயில் சேரும், ரிங்கும் சீக்கிரம் தேயும். சூடு ஏறினால் ரேடியேட்டர் துடுப்புகளில் ஒட்டியிருக்கும் செம்பனை நாரை உள்ளிருந்து வெளிப்பக்கம் காற்றால் ஊதுங்கள், கூலன்ட் கலவையைப் பாதிக்குப் பாதி வையுங்கள்.

இன்ஜெக்டர்களைத் திரும்பப் பூட்டும்போது அடியிலுள்ள செம்பு வாஷரையும் வெப்பத் தடுப்பு வாஷரையும் புதிதாகவே போடுங்கள். பழையதைப் போட்டால் எரிந்த சூடான வாயு கசிந்து இன்ஜெக்டர் உட்காரும் இடம் கருகி, அடுத்த முறை இன்ஜெக்டர் கழலாது.