சாக்லேட் சிப் குக்கீ: "சர்க்கரை குறைவு" பாக்கெட்டில் குறைவது எது?

உட்லண்ட்ஸ்வாசி கேட்டது:

வணக்கம். பேரங்காடியில் வாங்கிய இரண்டு குக்கீ பாக்கெட்டுகளின் லேபிளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். குழப்பம்தான் மிச்சம்.

பாக்கெட் 1, சாதாரண வகை. 100 கிராமுக்கு 490 கலோரி, கொழுப்பு 24 கிராம், அதில் நிறைவுற்றது 11.5, மாவுச்சத்து 63, அதில் சர்க்கரை 36, சோடியம் 310 மி.கி. ஒரு குக்கீ 10 கிராம்.

பாக்கெட் 2, முன்பக்கத்தில் "சர்க்கரை குறைவு, ஓட்ஸ் சேர்த்தது, டிரான்ஸ் கொழுப்பு இல்லை" என்று போட்டிருக்கிறது. 100 கிராமுக்கு 2,040 கிலோஜூல், கொழுப்பு 24, நிறைவுற்றது 12, மாவுச்சத்து 62, சர்க்கரை 25, உப்பு 0.8 கிராம். ஒரு குக்கீ 17 கிராம். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

8 வயதுப் பிள்ளைக்குப் பள்ளி இடைவேளைக்கு எது பரவாயில்லை? நீரிழிவு உள்ள அம்மா, சர்க்கரை இறங்கினால் சாப்பிட என்று கைப்பையில் இதையே வைத்திருக்கிறார், அது சரியா? பொருள் பட்டியலில் உள்ள பனை எண்ணெய், 503, 322 என்ற சேர்க்கை எண்கள் இவற்றுக்குப் பயப்பட வேண்டுமா? பேசாமல் வீட்டிலேயே சுட்டுவிடலாமா?

---

லேபிள்கண்ணாடி பதில்:

முதலில் இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள். கிலோஜூலை 4.2 ஆல் வகுத்தால் கலோரி: 2,040 என்பது ஏறக்குறைய 486. உப்பு கிராமை 400 ஆல் பெருக்கினால் சோடியம் மில்லிகிராம்: 0.8 என்பது 320. ஆக, கலோரியிலும் உப்பிலும் இரண்டு பாக்கெட்டும் ஒன்றுதான். கொழுப்பிலும் அப்படியே.

சர்க்கரை 36இலிருந்து 25 ஆகியும் கலோரி ஏன் இறங்கவில்லை? எடுத்த சர்க்கரையின் இடத்தில் மாவு வந்து உட்கார்ந்துவிட்டது. சர்க்கரையோ மாவோ, கிராமுக்கு 4 கலோரிதான். மொத்த மாவுச்சத்து 63இலிருந்து 62 ஆனதைப் பாருங்கள், கதை அதிலேயே இருக்கிறது.

இனி ஒரு குக்கீக்குக் கணக்குப் போடுவோம். பாக்கெட் 1இன் குக்கீயில் சர்க்கரை 3.6 கிராம். பாக்கெட் 2இன் குக்கீ பெரியது, அதில் 4.25 கிராம்! "சர்க்கரை குறைவு" குக்கீ ஒன்றைக் கடித்தால் சாதாரணத்தைவிட அதிகச் சர்க்கரை உள்ளே போகிறது. நிறைவுற்ற கொழுப்போ 1.15க்கு எதிராக 2 கிராம். முன்பக்க வாசகம் பொய்யில்லை, 100 கிராமுக்கு 100 கிராம் ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் பிள்ளைகள் கிராமில் சாப்பிடுவதில்லை, எண்ணிக்கையில் சாப்பிடுகிறார்கள். வீட்டில் சமையல் தராசு இருந்தால் ஒரு குக்கீயை எடை போட்டு, பின்பக்க 100 கிராம் எண்களால் நீங்களே கணக்குப் பாருங்கள். "ஒரு பரிமாறல்" என்ற பத்தியை நான் பொருட்படுத்துவதே இல்லை. ஒருவர் 1 குக்கீ என்கிறார், இன்னொருவர் 3 என்கிறார்.

பிள்ளைக்கு: உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரையை மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்கிறது, 5க்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு 1,600 கலோரி என்று வைத்தால் அது 40 கிராம், 20 கிராம். பாக்கெட் 1இல் 3 குக்கீ என்றால் 10.8 கிராம், அதாவது 20இல் பாதிக்கு மேல் காலி. கூடவே இனிப்புப் பானம் ஒரு பாக்கெட் போனால் மீதியும் முடிந்தது. 2 குக்கீ, ஒரு வாழைப்பழம், வெறும் தண்ணீர் என்று டப்பாவில் போட்டு அனுப்புங்கள். பாக்கெட்டோடு கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. சிங்கப்பூரில் பானங்களைச் சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பை வைத்துத் தரம் பிரிக்கும் A முதல் D வரையான நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பலர் பிஸ்கட்டிலும் தேடுகிறார்கள். அது பிஸ்கட்டுக்குக் கிடையாது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஆரோக்கியத் தெரிவுச் சின்னம் சில பிஸ்கட்டுகளில் உண்டு. அதே வகைப் பொருள்களில் இது பரவாயில்லை என்பதுதான் அதன் பொருள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பதல்ல.

---

மாவுமில் பதில்:

எண்ணெய், எண் குறியீடு விஷயத்துக்கு வருகிறேன்.

டிரான்ஸ் கொழுப்பு: அது உணவில் சேர முக்கியக் காரணமான பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெயைச் சிங்கப்பூர் 2021 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டது. இறக்குமதிப் பொருளுக்கும் அதே சட்டம். ஆகவே முன்பக்கத்தில் அதைப் பெருமையாகப் போடுவது, சைவக் கடை வாசலில் "மீன் கிடையாது" என்று பலகை வைப்பது மாதிரி.

அந்த இடத்தைப் பிடித்தது பெரும்பாலும் பனை எண்ணெய். அதில் கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு. குக்கீக்கு அறை வெப்பத்தில் இறுகி நிற்கும் கொழுப்பு வேண்டும். கனோலா மாதிரித் திரவ எண்ணெய் மட்டும் போட்டால் நம் ஊர் வெக்கையில் எண்ணெய் கசிந்து தட்டுக் காகிதமெல்லாம் கறையாகும், குக்கீயும் மொறுமொறுப்பு இழக்கும். கெட்ட கொழுப்பை, அதாவது எல்டிஎல்லை ஏற்றுவது இந்த நிறைவுற்ற கொழுப்புதான். கவனிக்க வேண்டியது இதை, 503, 322 போன்ற எண் குறியீடுகளை அல்ல.

பலர் தவறவிடுவது சிப்பை. பொருள் பட்டியலில் சிப்புக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் படியுங்கள். "கோக்கோ மாஸ், கோக்கோ வெண்ணெய்" என்றிருந்தால் அது சாக்லேட். "தாவரக் கொழுப்பு, கோக்கோ பவுடர்" என்றிருந்தால் பெரும்பாலும் பனங்கொட்டை எண்ணெயில் செய்த போலிச் சிப். அந்த எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்றது. பட்டியலில் பொருள்கள் எடை வரிசையில்தான் வரும். சர்க்கரை இரண்டாவது இடத்தில் இருந்து, பின்னால் குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப் என்றும் வந்தால் எல்லாமே சர்க்கரைக் கணக்குதான்.

322 லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது. ஒவ்வாமை இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். 500 சோடா மாவு. உப்புக் கரிக்காத குக்கீயில் 300 மி.கி. சோடியம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு பங்கு இதிலிருந்துதான். 503 அம்மோனியம் பைகார்பனேட். அடுப்புச் சூட்டில் அம்மோனியா, கரியமில வாயு, நீராவியாகப் பிரிந்து பறந்துவிடும், மெல்லிய குக்கீயில் எதுவும் தங்காது. ஆனால் ஒரு வினை உண்டு: புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று கருதப்படும் அக்ரிலமைட் உருவாவதை அது கூட்டும். மாவில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் 120 டிகிரிக்கு மேல் சர்க்கரையோடு சேரும்போது வருவது அது. ஐரோப்பிய ஒன்றியம் பிஸ்கட்டுக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு கிலோவுக்கு 350 மைக்ரோகிராம். ஓரம் கருகிய குக்கீயைப் பிள்ளைக்குத் தராதீர்கள், அவ்வளவு போதும்.

---

சத்துக்கணக்கு பதில்:

அம்மாவின் கைப்பை விஷயம்தான் இந்த இழையில் அவசரமானது. ரத்தச் சர்க்கரை 4க்குக் கீழே (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) இறங்கினால் குக்கீ வேண்டாம். கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், சர்க்கரை ரத்தத்துக்கு வந்து சேர நேரமாகும். அந்த நேரத்தில் மயக்கம் முந்திவிடும்.

வேண்டியது வேகமாக ஏறும் 15 கிராம் சர்க்கரை. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது குளுக்கோஸ் மாத்திரை (ஒன்று 4 கிராம் என்றால் 4 மாத்திரை). 15 நிமிடம் கழித்து மறுபடி விரலைக் குத்திப் பாருங்கள். இன்னும் 4க்குக் கீழே என்றால் இன்னொரு முறை அதே அளவு. ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால், அப்போது இரண்டு பிஸ்கட். பிஸ்கட்டுக்கு அங்கேதான் இடம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

மாத்திரைக்குப் பதில் இனிப்புப் பானம் கொடுப்பதானால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. "அரை டின் போதும்" என்பது பழைய கணக்கு. இங்கே இப்போது பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். 100 மில்லியில் 5 கிராம்தான் என்றால் 15 கிராமுக்கு 300 மில்லி குடிக்க வேண்டும். டின்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு வையுங்கள். அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இப்படி இறங்குவதே அரிது; இன்சுலின், கிளிப்பிசைட், கிளிக்கிளசைட் எடுப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். அம்மா எடுப்பது எது என்று பலதுறை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற நாள்களில் தேநீரோடு அம்மா சாப்பிடலாமா? 3 சிறிய குக்கீயில் மாவுச்சத்து 19 கிராம், ஒரு துண்டு ரொட்டியைவிடச் சற்றுக் கூடுதல். அந்த ரொட்டிக்குப் பதிலாகச் சாப்பிடலாம், அதற்கு மேல் கூடுதலாக அல்ல. "சர்க்கரை அற்ற" குக்கீ என்று வாங்கினால் பெரும்பாலும் மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பு இருக்கும். அதுவும் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், அதிகம் சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கிவிடும்.

---

தெம்பனிஸ்அடுப்பு பதில்:

வீட்ல சுட்டா ஆரோக்கியம்னு கண்ண மூடிக்கிட்டு நம்பாதீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க.

வெண்ணெய் 100 கிராம், பழுப்புச் சர்க்கரை 80, முட்டை 1, மைதாவும் ஆட்டாவும் பாதிப்பாதி மொத்தம் 150, 70 விழுக்காடு கோக்கோ சாக்லேட் நறுக்கினது 80, சோடா மாவு கால் தேக்கரண்டி. 170 டிகிரியில 12 நிமிஷம், 20 குக்கீ வரும். ஒண்ணுல ஏறக்குறைய 105 கலோரி, சர்க்கரை 5 கிராம். 100 கிராமுக்குப் பாத்தா சர்க்கரை 24, நிறைவுற்ற கொழுப்பு 17க்கு மேல! பாக்கெட்ல 12தான். சர்க்கரையில ஜெயிக்கிறீங்க, வெண்ணெயில தோத்துப் போறீங்க.

வெண்ணெய் 50, கனோலா 40னு மாத்துனா பாக்கெட் அளவுக்கு இறங்கும். முழுக்க எண்ணெய்னா மாவு பிசுபிசுன்னு ஆகி, சாக்லேட் துண்டு ஒட்டாம உதிரும். சர்க்கரைய 60க்குக் கீழ இறக்காதீங்க. அது உருகித்தான் குக்கீ பரவுது, நிறமும் வருது. இல்லேன்னா வெளுத்த உருண்டையா கேக் மாதிரி நிக்கும். நம்ம சமையலறைச் சூட்டுல மாவு இளகிடும், உருட்டி அரை மணி நேரம் குளிர்பெட்டியில வெச்சுட்டு சுடுங்க.

---

உட்லண்ட்ஸ்வாசி:

எல்லாருக்கும் நன்றி. அம்மா பைக்குக் குளுக்கோஸ் மாத்திரை வாங்கிவிடுகிறேன். பிள்ளைக்குப் பாக்கெட் 1, இரண்டு எண்ணி. பாக்கெட் 2 பாதி மீதி இருக்கிறது, சிப் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா?

---

மாவுமில்:

விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக உருகி மறைந்தால் அது கோக்கோ வெண்ணெய். பகல் வெக்கையில் இளகி, இரவில் மறுபடி இறுகும்போது மேலே படிவது, சாப்பிடலாம். பஞ்சு போல மயிர் மயிராக இருந்தாலோ, பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தாலோ குப்பைக்கு. அடுத்த பாக்கெட்டைத் திறந்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், நமுத்தும் போகாது, எறும்பும் வராது.