கடலூர், புதுச்சேரி நண்பர்களே, அக்காவுக்காக ஓர் உதவி

வணக்கம். நாங்கள் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். 41 வயதான என் அக்கா, கடும் மனச்சோர்வுக்காக எட்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். விடியற்காலை மூன்றரைக்கே விழித்துக்கொள்கிறார். நான் எழுந்து வரும்வரை விளக்கைக்கூடப் போடாமல் கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. மாதவிலக்கும் தள்ளிப்போகிறது.

போன வாரம் நாங்களாகவே எடுத்த ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறும் அளவு) 11 என்று வந்திருக்கிறது. தைராய்டு குறைந்தால் சோர்வு, மறதி, மந்தம் எல்லாம் வரலாம். கார்டிசோல் காலையில் ஏறி இரவில் இறங்க வேண்டிய சுரப்பு. கடும் மனச்சோர்வு உள்ள பலருக்கு அது சரியாக இறங்குவதில்லை என்றும் படித்தேன். எட்டு மாதத்தில் ஒருவரும் தைராய்டைப் பார்க்கச் சொல்லவில்லையே என்று மனம் ஆறவில்லை.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவையும் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? கோரிமேடு வரை அவரை இரண்டு முறை பஸ்ஸில் அலைக்கழிக்க மனம் வரவில்லை. கார்டிசோல் பரிசோதனையும் கேட்க வேண்டுமா, தைராய்டு மட்டும் போதுமா? தைராய்டு மாத்திரை தொடங்கியபின் உங்கள் வீட்டில் யாருக்காவது மனம் தேறியதா, எத்தனை வாரம் பிடித்தது?

மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் நிறுத்த மாட்டோம்.

நேற்று அக்காவே சீப்பை என்னிடம் நீட்டி, “இதையும் டாக்டரிடம் காட்டு” என்றார். பல நாள் கழித்து அவராகப் பேசிய முதல் வார்த்தை அது.