மறு: ஐபிடிக்கு 'குடல் ஒவ்வாமை' வேண்டாமே

> ஐபிடிக்கு குடல் ஒவ்வாமைன்னு வெச்சா சுருக்கமா இருக்கும், சனங்களுக்கும் சட்டுன்னு புரியும்.

அண்ணே, சட்டுன்னு தப்பா புரியும், அதான் பிரச்சனை. ஐபிடின்னா இன்ஃப்ளமேட்டரி பவல் டிசீஸ், குரோன் நோய், பெருங்குடல்ல புண்ணாகற அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ரெண்டுக்கும் பொதுப் பேரு. நாம தமிழ்ல கொண்டுவர்ற கையேடே அலர்ஜிக்கும் ஐபிடிக்கும் தொடர்பு உண்டான்னு கேக்குது, பதில் இன்னும் முடிவாகல, அதுக்குள்ள நாம பேர்லயே ஒவ்வாமைன்னு எழுதி தீர்ப்பு சொல்லிடறதா?

தொடர்பு சுத்தமா இல்லைன்னும் தள்ளிட முடியாது. ஆஸ்துமா, எக்ஸிமா இருக்கறவங்ககிட்ட ஐபிடி கொஞ்சம் கூடுதலா தெரியுதுன்னு பல ஆய்வுகள் வந்திருக்கு, பயாப்ஸி எடுத்துப் பாத்தா அலர்ஜில வர்ற அதே ஈசினோஃபில், மாஸ்ட் செல்லுங்கற நோயெதிர்ப்பு செல்கள் இங்கயும் கூடி நிக்குது, 1961-லயே ஆக்ஸ்ஃபோர்டு டாக்டர் ட்ரூலவ் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள சிலருக்கு பாலை நிறுத்தினா அடங்குது, திரும்பக் குடுத்தா கிளம்புதுன்னு எழுதினாரு. ஆனா வழக்கமான உணவு அலர்ஜின்னா ஐஜிஇங்கற எதிர்ப்பொருளோட வேலை, வேர்க்கடலை தின்ன கொஞ்ச நேரத்துல உதடு தடிச்சுரும். ஐபிடி அப்படியா வருது? மாசக்கணக்குல ரத்தம் கலந்த பேதி, எடை இறங்கும், குடல் சுவரே புண்ணாகும், அதுக்கு செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை போட்டு ஒண்ணும் ஆகாது, மெசலமின், ஸ்டீராய்டுன்னு அழற்சியை அடக்கற மருந்துக்குப் போகணும். குடல் ஒவ்வாமைன்னு படிச்ச ஆளு பால் தயிரோட சேத்து மாத்திரையையும் நிறுத்திட்டா யார் பொறுப்பு?

குடல் அழற்சின்னு போடலாம்னா அதுலயும் ஒரு வில்லங்கம், அழற்சின்னா இன்ஃப்ளமேஷன், ஆனா அலர்ஜிக்குத்தான் தமிழ்ல அழற்சின்னு பாதிப் பேர் நெனச்சிட்டிருக்காங்க, காதுக்கு ஒரே மாதிரி கேக்குதுல்ல! போதாக்குறைக்கு அப்பெண்டிசைட்டிஸ் வேற குடல்வால் அழற்சின்னு ஓடுது. அதனால என் ஓட்டு 'நாள்பட்ட குடலழற்சி', அலர்ஜி வர்ற எடத்துல எல்லாம் ஒவ்வாமை மட்டும். குரோன் நோய் அப்படியே இருக்கட்டும், 1932-ல அதைப் பத்தி எழுதின நியூயார்க் டாக்டர் பேரு அது, மொழிபெயர்க்க ஒண்ணுமில்ல.

---

தம்பி, நாள்பட்ட குடலழற்சிக்கு நானும் சரி. ஆனா நம்ம கலைச்சொல் அட்டவணைல அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு யாரோ 'குடல் புண்'னு போட்டிருக்காங்க, அதை முதல்ல தூக்குங்கப்பா. நம்மூர்ல குடல் புண்ணுன்னா நேரத்துக்கு சாப்பிடாம வந்துச்சுன்னு சொல்ற வயித்து அல்சர், மணத்தக்காளிக் கீரைய சாப்பிடச் சொல்லி அனுப்பிருவாங்க. பெருங்குடல் புண்ணழற்சின்னா இடமும் தெரியும் நோயும் தெரியும். அப்புறம் ஐபிஎஸ்ஸை, அதாவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோமை, தனி இழைல வெச்சுக்கலாம், அதுல குடல் சுவர் இப்படி புண்ணாகறதே கிடையாது, இங்க இழுத்துட்டு வந்து கலக்காதீங்க.