டார்க் மனி: தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்கத் தேர்தல் செலவு பற்றிய கட்டுரையை நாளை காலைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். ‘டார்க் மனி’யில் வந்து மாட்டி நிற்கிறேன். ‘கறுப்புப் பணம்’ என்று போட்டால் வரி ஏய்த்த பணம் ஆகிவிடும். இதுவோ சட்டத்துக்கு உட்பட்ட பணம், கொடுத்தவர் பெயர்தான் வெளியே வராது. அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(4) பிரிவில் வரும் சமூகநல அமைப்புகள் பொதுவாக நன்கொடையாளர் பட்டியலை வெளியிட வேண்டியதில்லை. 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்புக்குப் பிறகு, தேர்தலில் வேட்பாளரோடு சேராமல் தனியே எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்க அவற்றுக்கு வழி திறந்தது. ‘மறைபணம்’ சரியாக இருக்குமா?
— செ.

தம்பி, மறைபணம் வினைத்தொகை. மறைந்த பணமா, மறைகிற பணமா? பணம் எங்கே மறைந்தது? முப்பது முப்பது விநாடி விளம்பரமாகத் தொலைக்காட்சியில் கத்திக்கொண்டல்லவா இருக்கிறது! மறைந்திருப்பது ஆள். போதாக்குறைக்கு மறை என்றால் வேதம். பாடசாலைக்கு வந்த காணிக்கை என்று எண்ணிவிடுவார்கள். ‘இருட்பணம்’ என்க.
— இரா.

ஐயா, புணர்ச்சியில் குறையில்லை. எனக்கு நெல்லை அல்வாதான் நினைவுக்கு வருகிறது. ‘பினாமிப் பணம்’ என்றால் டீக்கடையில்கூடப் புரியும். தேர்தலில் தனியே வரம்பில்லாமல் செலவழிக்கும் ‘சூப்பர் பேக்’ குழுக்கள் யார் கொடுத்தார் என்று தேர்தல் ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். ஆனால் கொடுத்தது ஒரு சமூகநல அமைப்பு என்றால் அதன் பெயர்தான் பட்டியலில் ஏறும். அசல் ஆள் பின்னால் இருப்பார். இது பினாமி இல்லாமல் வேறென்ன?
— மீ.

மீ. அம்மா, பினாமி பாரசீகம். ‘பே’ என்றால் இல்லாத, ‘நாம்’ என்றால் பெயர். பொருள் கச்சிதம், சொல்தான் இரவல். அதையே ‘பெயரிலிப் பணம்’ எனலாமே. பணம் என்பதே வடசொல் என்பார்கள், நான் ஒப்பேன். பாம்பின் படத்துக்கும் பணம் என்று பெயருண்டு. அது எப்படி வந்ததென்றால்...
— இரா.

ஐயா, பாம்பு அப்புறம். சட்டத்தில் இந்த அமைப்புகள் சமூகநலத்துக்காக ‘மட்டுமே’ இயங்க வேண்டும் என்றிருக்கிறது. 1959 வரித்துறை விதி அதை ‘முதன்மையாக’ என்று தளர்த்திவிட்டது. தேர்தல் செலவு நுழையும் இடைவெளி அங்கேதான். பல விளம்பரங்களில் ‘வாக்களிக்காதீர்’ என்றும் இருக்காது. ‘செனட்டரைக் கூப்பிட்டு, ஏன் வரியை ஏற்றினீர்கள் என்று கேளுங்கள்’ என்று முடியும், கீழே அவர் அலுவலகத் தொலைபேசி எண்ணோடு. கையெழுத்தில்லாமல் வந்தால் நாம் மொட்டைக் கடிதம் என்கிறோம். இதை ‘மொட்டைப் பணம்’ என்றால் என்ன?
— கு.

சிரித்துவிட்டேன். ஆனால் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் பழனிக்குப் போய்விடுவார்கள். என் வாக்கு பெயரிலிப் பணத்துக்கு.
— மீ.

பெயரிலிக்கு மூன்று, மொட்டைக்கு ஒன்று. மணி பன்னிரண்டு, அதையே போட்டு அனுப்பிவிட்டேன். காலையில் பார்த்தால் இதழாசிரியர் தலைப்பை ‘மொட்டைப் பணம்’ என்று மாற்றியிருக்கிறார்.
— செ.

என் மறுப்பைப் பதிந்துகொள்க. பாம்பு பற்றி இன்றிரவு விரிவாக எழுதுகிறேன்.
— இரா.