மறு: ஃபார்மகோவிஜிலன்ஸ் – ‘மருந்துக் கண்காணிப்பு’ என்றே விட்டுவிடலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையை முதலிலிருந்து வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மருந்து விற்பனைக்கு வந்த பிறகு அதனால் வரும் கெடுதல்களைக் கண்டறிந்து தடுக்கும் துறைதான் ஃபார்மகோவிஜிலன்ஸ்; அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் பேச்சு. சென்னை நண்பர் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

> ‘மருந்துக் கண்காணிப்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் புரிகிறது. இன்னொரு சொல் எதற்கு?

புரிகிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நான் இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கம் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். ‘மருந்துக் கண்காணிப்பு’ என்று இங்குள்ள தோட்டத் தொழிலாளி ஒருவரிடம் சொன்னால் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது காசநோய் மாத்திரை. காசநோய்க்கு நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுப்பார்கள். சுகாதார ஊழியர் பார்த்திருக்க, அவர் முன்னாலேயே விழுங்க வேண்டும். அது நல்ல முறைதான், ஆனால் அங்கே பார்க்கப்படுவது நோயாளி. அவர் ஒழுங்காக மருந்து குடிக்கிறாரா என்பதுதான் கேள்வி. நாம் பெயர் தேடும் துறையில் பார்க்கப்படுவது மருந்து. அது நோயாளியின் உடம்பில் ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரே சொல் இரண்டுக்கும் போனால், மக்கள் முதலாவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

மலையகத்துக்கே உரிய இன்னொரு தடையும் உண்டு. கண்காணிப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் இங்கே கங்காணி நிற்கிறார். தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்துக் கப்பலேற்றியவர், மலையில் பின்னால் நின்று வேலை வாங்கியவர், கடன் கணக்கைக் கையில் வைத்திருந்தவர். அந்தப் பழைய அதிகாரம் இன்று இல்லை, ஆனால் சொல்லின் சாயல் போகவில்லை. தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்று நினைக்கும் ஒருவர் வாய் திறந்து ‘எனக்கு இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்வாரா? இந்தத் துறை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் இருக்கிறது. அதனால்தான் பெயரை இவ்வளவு இழுத்துப் பிடித்துப் பேசுகிறேன்.

> முதலில் அந்த அமைப்பு என்ன செய்கிறது என்று யாராவது சொல்லுங்கள். பிறகு பெயர் வைக்கலாம்.

பண்டாரவளை ஆசிரியர் கேட்டது நியாயம். சொல்கிறேன்.

ஒரு மருந்து சந்தைக்கு வருமுன் சில ஆயிரம் பேரிடம் சோதிக்கப்படுகிறது. 3,000 பேரிடம் சோதித்து ஒருவருக்கும் வராத பாதிப்பு, உண்மையில் 1,000 பேரில் ஒருவருக்கு வரக்கூடியதாக இருக்கலாம். கணக்கு அப்படித்தான். கர்ப்பிணிகள், வயதானவர்கள், பிரஷருக்கும் சுகருக்கும் சேர்த்து ஐந்தாறு மாத்திரை குடிப்பவர்கள் எல்லாம் அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே மருந்து வெளியே வந்த பிறகுதான் அதன் முழுக் குணமும் தெரியவரும். தாலிடோமைட் இதை உலகத்துக்குக் கொடுமையான முறையில் கற்றுக்கொடுத்தது. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த அந்த மாத்திரை, கர்ப்ப காலத்தில் குடித்த தாய்மாரின் குழந்தைகளைக் கை கால் வளர்ச்சியின்றிப் பிறக்க வைத்தது. 1961 இறுதியில் அது சந்தையிலிருந்து எடுக்கப்பட்டபோது பாதிக்கப்பட்ட குழந்தைகள் ஆயிரக்கணக்கில். அதன் பிறகே 1964இல் பிரித்தானியா, மருந்தால் வந்ததாகச் சந்தேகிக்கும் பாதிப்புகளை எழுதி அனுப்பும் மஞ்சள் அட்டை முறையைத் தொடங்கியது. 1968இல் உலக சுகாதார ஸ்தாபனம் 10 நாடுகளோடு ஒரு சர்வதேசத் திட்டத்தை ஆரம்பித்தது. 1978 முதல் அதன் தரவு வேலை சுவீடனின் உப்சாலா நகரிலுள்ள மையத்திடம் இருக்கிறது. இலங்கை 2000ஆம் ஆண்டில் அதில் உறுப்பு நாடானது.

நம் நாட்டில் இதற்குச் சட்டப் பொறுப்பு தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்கு. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அந்தச் சபையை உருவாக்கியது. மருந்தைப் பதிவு செய்வதும், இறக்குமதிக்கு அனுமதி கொடுப்பதும், கெட்டதைத் தடை செய்வதும் அதன் வேலை. வைத்தியர், மருந்தாளர், தாதி ஆகியோர் எழுதும் பாதக விளைவு அறிக்கைகள் அங்கே போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து உப்சாலாவின் பொதுக் களஞ்சியத்துக்குப் போகும். தடுப்பூசி மட்டும் வேறு வழியில் போகிறது. குடும்பநல உத்தியோகத்தர், சுகாதார வைத்திய அதிகாரி, அப்புறம் கொழும்பில் தொற்றுநோயியல் பிரிவு. இந்த இரண்டாவது வழி எங்கள் மலைகளில் நன்றாகவே வேலை செய்கிறது என்பது என் எண்ணம். காரணம் எளியது: ஊசி போட்ட பிள்ளையின் வீட்டுக்கு அந்தக் குடும்பநல உத்தியோகத்தர் நேரில் வருகிறார், ‘காய்ச்சல் வந்ததா, கை வீங்கியதா’ என்று தமிழில் கேட்கிறார். மாத்திரைக்கு அப்படிக் கேட்க லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, யாரும் வருவதில்லை.

மாத்திரை எப்படிக் கைக்கு வருகிறது என்பதையும் பாருங்கள். கிளினிக்கில் ஒரு மாதத்துக்கான மாத்திரை சிறிய கடதாசி உறையில் எண்ணிப் போடப்படுகிறது. உறையின் மேல் மருந்தின் பெயர் இருக்கும், காலை மாலை இருக்கும். தொகுதி இலக்கம் (batch number) இருக்காது. தயாரித்த கம்பனியின் பெயரும் இருக்காது. அந்த மாத்திரையால் ஒருவருக்குக் கெடுதல் வந்தால், கம்பனி வைத்த பெயர் இல்லாமல் மருந்தின் பொதுப் பெயரை மட்டும் வைத்து எந்தத் தொகுதி என்று எப்படித் தேடுவது? பொதுப் பெயரில் மருந்து எழுதும் பழக்கம் இலங்கையின் மருந்துக் கொள்கையை வகுத்த பேராசிரியர் சேனக பிபிலே இந்த நாட்டுக்கு விட்டுச்சென்ற பெரிய சொத்து, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதோடு உறையில் தொகுதி இலக்கத்தையும் எழுதும் பழக்கம் சேர வேண்டும்.

> மருந்தின் தரம் கெட்டுப்போவது வேறு விஷயம். அதை இதற்குள் இழுக்க வேண்டாம்.

வேறு விஷயம்தான், ஆனால் நோயாளிக்கு இரண்டும் ஒரே வாசலால்தான் வருகின்றன. 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டது. சத்திரசிகிச்சைக்குப் பின் விடப்பட்ட பிரெட்னிசோலோன் கண் துளிமருந்தின் மேல் சந்தேகம் விழுந்தது, அந்த மருந்து பாவனையிலிருந்து நிறுத்தப்பட்டது. பிரெட்னிசோலோனின் இயல்பான பக்க விளைவு அல்ல அது, துளிமருந்தில் கிருமி கலந்திருந்ததாகச் சொல்லப்பட்ட பிரச்சினை. ஆனால் ஆய்வுகூடத்துக்கு முன்பே அதைக் கண்டவர்கள் நோயாளிகளும் அவர்களைப் பார்த்த வைத்தியர்களும்தான். உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரைவிலக்கணமும் பாதக விளைவுகளோடு நிற்பதில்லை, ‘மருந்து சார்ந்த வேறு எந்தப் பிரச்சினையும்’ என்று சேர்த்துக்கொள்கிறது. ஆகவே இந்த இழையில் வந்த ‘மருந்துப் பக்கவிளைவியல்’ என்ற முன்மொழிவை நான் ஏற்க மாட்டேன். அது வாசலைப் பாதி மூடிவிடும்.

சரி, என் முன்மொழிவு: மருந்தவதானம். முதன்முறை எழுதும் இடத்தில் ‘மருந்து அவதானம்’ என்று பிரித்து எழுதிவிட்டால் வாசிப்பவர் தடுமாற மாட்டார்.

இலங்கைத் தமிழில் அவதானம் அன்றாடச் சொல். ‘அவதானமாகப் போங்க’ என்று பஸ் ஏற்றிவிடும் அம்மாவும் சொல்வார். மண்சரிவு எச்சரிக்கையிலும் அதே சொல் வரும். இரண்டிலும் கவனம் உண்டு, அக்கறையும் உண்டு, மேலதிகாரம் இல்லை. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அட்டாவதானம், சதாவதானம் நினைவுக்கு வரும். ஒரே நேரத்தில் பலவற்றை மனதில் தவறவிடாமல் வைத்திருப்பது. பல வைத்தியசாலைகளிலிருந்து வரும் தனித்தனி அறிக்கைகளை ஒருங்கே மனதில் வைத்து, அவற்றுக்குள் ஓர் ஒற்றுமையைப் பிடிப்பதுதான் இந்தத் துறையின் மூளை வேலை. பொருந்துகிறது.

> வடசொல் வேண்டாமே. ‘மருந்துவிழிப்பு’ தூய தமிழ்.

மட்டக்களப்பு அம்மா எழுதியதை மதிக்கிறேன். விழிப்பு அழகான சொல். ஆனால் ‘மருந்துவிழிப்பு’ என்றதும் தூக்கம் வராமல் விழிக்க வைக்கும் மருந்தோ என்று என் சக ஊழியர்களே கேட்டார்கள். ‘விழிப்புணர்வு’ என்ற சொல் பிரசாரக் கூட்டங்களுக்குப் போய்விட்டதால் அந்தக் குழப்பமும் சேரும். எதிர்ப் பக்கத்தில், சட்டத்தில் உள்ள ‘ஔடதம்’ என்பதையே இங்கும் பயன்படுத்தலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கும் நான் உடன்படவில்லை. யாரும் வீட்டில் ஔடதம் குடிப்பதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தச் சொல்லுக்குச் சகோதரங்கள் வரப்போகின்றன. குருதி ஏற்றும்போது வரும் பாதிப்புகளைப் பார்ப்பது குருதியவதானம். இதயத்துக்குள் வைக்கும் கருவி, இன்சுலின் பேனா போன்றவற்றைப் பார்ப்பது சாதன அவதானம். தடுப்பூசிக்குத் தடுப்பூசி அவதானம். ‘கண்காணிப்பு’ என்பதை நோய்க் கண்காணிப்புக்கும் சந்தைக் கண்காணிப்புக்கும் விட்டுவிடலாம், அவை ஏற்கெனவே நிலைத்துவிட்டன. சபையின் பரிசோதகர்கள் பாமசிகளுக்குப் போய்ப் பார்ப்பது சந்தைக் கண்காணிப்பு. அதையும் இதையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் கடிதப் போக்குவரத்திலேயே குழப்பம் வரும்.

துணைச் சொற்களில் எனக்குப் பிடிவாதமான கருத்து இரண்டில் உண்டு.

ஒன்று, ‘நிகழ்வு’, ‘எதிர்வினை’ இரண்டையும் கலக்கக் கூடாது. மருந்து குடித்த பிறகு நடந்த எந்தக் கெடுதலும் பாதக நிகழ்வு. மருந்தால்தான் வந்தது என்று நியாயமாகச் சந்தேகிக்க இடம் இருந்தால் அது பாதக எதிர்வினை. பிரஷருக்கு எனலாப்ரில் குடிக்கும் ஒருவருக்கு வறட்டு இருமல் வருகிறது. நுவரெலியாவில் இருமலுக்குக் காரணம் கேட்டால் எல்லோரும் பனியைத்தான் கை காட்டுவார்கள். பனியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மருந்துக் குடும்பத்துக்கு வறட்டு இருமல் நன்கு தெரிந்த எதிர்வினை. வைத்தியர் மருந்தை நிறுத்தி, வேறு குடும்பத்து மருந்தான லொசார்ட்டனுக்கு மாற்றிய பிறகு சில வாரங்களில் இருமல் அடங்கினால் சந்தேகம் வலுக்கிறது. இதைத்தான் ‘நிறுத்திப் பார்த்தல்’ என்றும், திரும்பக் கொடுத்தால் அதே தொல்லை வருகிறதா என்பதை ‘மீளக் கொடுத்துப் பார்த்தல்’ என்றும் எழுத விரும்புகிறேன். இவற்றுக்குக் கனமான சொல் தேவையே இல்லை. அறிக்கை எழுதுபவர் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும் என்பதும் படிவத்தில் தெளிவாக நிற்க வேண்டும். தீர்ப்பு எழுதுவதாக நினைத்துத்தான் பலர் பேனாவை எடுப்பதில்லை.

இரண்டு, ‘கடுமை’ வேறு, ‘பாரதூரம்’ வேறு. தமிழ்நாட்டில் இரண்டையும் ‘தீவிரம்’ என்று எழுதிவிடுகிறார்கள். கடுமை என்பது வேதனையின் அளவு. மரணம், உயிராபத்து, வைத்தியசாலையில் அனுமதி, நிரந்தர ஊனம், பிறவிக் குறைபாடு இவற்றில் ஒன்று வந்தால்தான் பாரதூரம். கடுமையான தலைவலி வந்து வீட்டிலேயே தணிந்தால் அது பாரதூரம் அல்ல. மாத்திரையால் இலேசாகத் தலை சுற்றி, தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் சரிந்து விழுந்து வார்டில் அனுமதிக்கப்பட்டால் அது பாரதூரம். சர்வதேச நடைமுறையில் கம்பனிகள் பாரதூரமான அறிக்கைகளை 15 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்ற விதி இந்தப் பிரிப்பின் மேல்தான் நிற்கிறது. நம் பத்திரிகைகளில் தினமும் வரும் ‘பாரதூரமான’ என்ற சொல் இதற்கு இவ்வளவு சரியாக அமைந்திருக்கும்போது விடக் கூடாது.

பல அறிக்கைகள் சேர்ந்து ஒரு புதிய ஆபத்தைச் சுட்டுவதற்கு (signal) ‘சமிக்ஞை’ என்று இழையில் சிலர் சொன்னார்கள். எனக்கு ‘ஐயக்குறி’ பிடித்திருக்கிறது. சமிக்ஞை என்றால் உத்தரவு மாதிரித் தொனிக்கிறது. இங்கே இருப்பது விசாரிக்க வேண்டிய ஐயம் மட்டும். இதில் மற்றவர்கள் வேறு சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன்.

கடைசியாக, நோயாளிக்குக் கொடுக்கும் தாள். இந்தியாவில் பொதுமக்களே நிரப்பும் படிவம் தமிழிலும் இருக்கிறது, பழகிப் பார்க்கத் தக்கது. மலையகத்துக்கு நாம் ஒன்று எழுதினால், தலைப்பில் மருந்தவதானமும் வேண்டாம், பாதக எதிர்வினையும் வேண்டாம். ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?’ என்று மட்டும் போடுவோம். இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கீழே நான்கு கேள்வி: என்ன மருந்து, எப்போது தொடங்கினீர்கள், என்ன செய்தது, எப்போது செய்தது. ‘நாட்டு மருந்தும் குடித்தீர்களா’ என்று ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். உறையை எறியாமல் கொண்டுவரச் சொல்லும் ஒரு வரியும் வேண்டும்.

மருந்தவதானம் மேல் மறுப்பு உள்ளவர்கள், கூடவே குருதிக்கும் சாதனத்துக்கும் பொருந்தும் மாற்றுச் சொல்லையும் எழுதுங்கள். படிவத்தின் முதல் வரைவை நான் எழுதி இந்த இழையிலேயே போடுகிறேன். பதுளை, மஸ்கெலியா பக்கம் தோட்ட டிஸ்பென்சரிகளில் வேலை செய்பவர்கள் கேள்விகளை நோயாளிகளிடம் வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று எழுதினால் பெரிய உதவி.