வெளுத்துப்போன வேட்டி மடிப்பு திரும்புமா?

இருட்டறை மணி: "படம் எவ்வளவு வெளுத்திருந்தாலும் பிரைட்னஸைக் குறைத்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்று நேற்று இங்கே ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. கைப்பேசியும் கேமராவும் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் படத்தில், ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 (இருட்டு) முதல் 255 (முழு வெளிச்சம்) வரைதான் எண்கள். மாப்பிள்ளையின் வேட்டி முழுவதும் 255 ஆகிவிட்டால் மடிப்பு எங்கே ஒளிந்திருக்கும்? 40 குறைத்தால் அத்தனையும் 215 ஆகும். வெள்ளை வேட்டி அழுக்கு வேட்டியாகும், அவ்வளவுதான்.

முகூர்த்தப் படக்காரன்: அந்த ஒருவர் நான்தான் ஐயா, பெயரைச் சொல்லியே திட்டலாம். வேட்டி மடிப்பைத் திருப்பிக் கொண்டுவந்து எத்தனையோ ஆல்பம் கொடுத்திருக்கிறேன். எந்த வீட்டிலும் குறை சொன்னதில்லை.

இருட்டறை மணி: தம்பி, நீங்கள் ரா கோப்பில், அதாவது கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பில் எடுத்திருப்பீர்கள். 14 பிட் ராவில் 16,384 வெளிச்சப் படிகள். திரையில் வெள்ளையாகத் தெரிந்தாலும் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதைச் சொல்லாமல் "எந்தப் படமும்" என்று எழுதினால், கைப்பேசியில் எடுக்கும் பிள்ளைகள் நம்பிக் கெடுவார்கள். ஜேபெக்கில் 255 என்றால் 255தான்.

நிழல்விரும்பி: வேட்டிக்கு இத்தனை கவலையா? மணப்பெண்ணின் முகத்தை ஏன் வெளுக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். என் அக்காவின் ஆல்பத்தில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். 1994இல் டைம் இதழ், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சனின் முகத்தை இருட்டாக்கி அட்டையில் போட்டபோது அமெரிக்காவே கண்டித்தது. இங்கே வெளுத்தால் கேட்க ஆளில்லை.

முகூர்த்தப் படக்காரன்: பெண்ணைப் பெற்றவர்களே பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம்" என்கிறார்கள். எங்களை ஏன் குற்றம் சொல்கிறீர்கள்?

நிழல்விரும்பி: என் அக்காவை யாரும் கேட்கவில்லை.

ஒளிச்சாரல்: மலைகளைப் படமெடுத்துப் பேர்பெற்ற அமெரிக்கர் ஆன்சல் ஆடம்ஸே இருட்டறையில் ஓரிடத்தை வெளுத்தும் ஓரிடத்தைக் கறுத்தும் அச்சிட்டவர்தான். மணி ஐயா அவரிடமும் எண் கேட்பாரா?

இருட்டறை மணி: ஆடம்ஸ் நெகடிவில் பதிந்திருந்ததை வெளியே எடுத்தார், இல்லாததை வரவழைக்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். ஃபோட்டோஷாப்பின் பழைய பிரைட்னஸ் கருவி எல்லாப் புள்ளிக்கும் ஒரே எண்ணைக் கூட்டும். 40 கூட்டினால் கருங்கூந்தலின் 0 கூட 40 ஆகிச் சாம்பல் பூக்கும். 215க்கு மேலிருந்தது எல்லாம் 255இல் முட்டி நிற்கும். 2007இல் அதன் சிஎஸ்3 பதிப்பு வந்தபோதுதான் அது மாறியது. அதனால்தான் இருட்டுப் பகுதியையும் வெளிச்சப் பகுதியையும் தனித்தனியே மாற்ற விடும் கர்வ்ஸ் கருவியைப் பழகுங்கள் என்று கத்துகிறேன். போன மாதம், எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வீண்வேலை என்று எழுதியவரும் இதே தம்பிதான்.

முகூர்த்தப் படக்காரன்: மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் நின்று பாருங்கள், ஹிஸ்டோகிராம் பார்க்க நேரம் இருக்கிறதா என்று தெரியும். பழைய பகையை இதில் இழுக்காதீர்கள். மடிப்பு வரும். இன்று மாலை படத்தையே போடுகிறேன்.

இருட்டறை மணி: ஜேபெக்கைப் போடுங்கள். ராவைப் போட்டு ஏமாற்ற வேண்டாம்.

நிழல்விரும்பி: முகத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

முகூர்த்தப் படக்காரன்: மடிப்பு வரும் என்றால் வரும்.